சவேரியார் கொடுத்த வேலை. 53 ஆண்டுகள் முத்துக்குளித்துறையை விட்டுப் போகாத அண்டிரிக் அடிகளார் யார்?

தூத்துக்குடியில் இருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால், நகரம் முடிந்ததும் மாப்பிள்ளையூரணி. அதைத் தாண்டினால் உப்பளங்கள், தருவைகுளம், பிறகு சிப்பிகுளம், வைப்பாறு, வேம்பார். தெற்கே திரும்பினால் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல், அதற்கும் கீழே வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு. இன்றைக்கு இந்தப் பக்கம் முத்துக்குளிப்பு கிடையாது. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் உலக வரைபடங்களில் இந்தக் கரைக்கு இருந்த பெயரே முத்துக்குளித்துறைதான்.

வேம்பாருக்கும் புன்னைக்காயலுக்கும் இடையே உள்ள இந்தக் கரையில், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் ஒரு போர்ச்சுகீசியத் துறவி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துகொண்டே இருந்தார். பெயர் ஹென்றிக் ஹென்றிக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் சொந்த எழுத்தில் அச்சான முதல் புத்தகம் இவருடையது. அந்த மொழி தமிழ்.

அச்சு வரலாறு எழுதுபவர்கள் இவரை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். முதல் புத்தகம், 1578, கொல்லம், அவ்வளவுதான். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு குருவும் சீடனும் இருந்தார்கள். குரு, புனித பிரான்சிஸ் சவேரியார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு. ஆனால் சவேரியார் ஒப்படைத்த ஒரு வேலையை அண்டிரிக் சாகும்வரை கீழே வைக்கவில்லை.

சவேரியார் வருவதற்கு முன் என்ன நடந்தது?

கதை 1530களில் தொடங்குகிறது. முத்துக்குளிப்பில் இருந்த பரதவர்களுக்கும், முத்து வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் மோதல் முற்றியது. பரதவர்களின் பிரதிநிதிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, கூடவே ஞானஸ்நானமும். 1536, 1537ஆம் ஆண்டுகளில் கடற்கரை ஊர்கள் கூட்டம் கூட்டமாகக் கிறிஸ்தவம் தழுவின. சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. இது ஒரு ஒப்பந்தம். கடலில் போர்ச்சுகீசியக் கப்பல் துணை, கரையில் புதிய மதம். ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் கொச்சிக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். ஊர்களில் ஜெபம் சொல்லிக்கொடுக்கக்கூட ஆள் இல்லை. புதிதாகக் கிறிஸ்தவரான மக்களுக்கு, தாங்கள் என்னவாக மாறினோம் என்பதே சரியாகத் தெரியாமல் ஐந்தாறு வருடம் ஓடியது.

1542 அக்டோபரில் சவேரியார் இங்கே வந்தபோது நிலைமை இதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. கோவாவில் படித்துக்கொண்டிருந்த இந்தக் கரைப் பையன்கள் மூன்று பேரைத் துணைக்கு அழைத்து வந்திருந்தார். தூத்துக்குடியில் இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்கார வைத்து, முக்கியமான ஜெபங்களைப் பல நாள் பாடுபட்டுத் தமிழாக்கினார். அதை அப்படியே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணி ஒன்றை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பிள்ளைகளைக் கூட்டி, ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் செய்த இன்னொரு ஏற்பாடு, பிற்காலத்தில் இதைவிடப் பெரிதாக நின்றது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு உள்ளூர்க்காரரைப் பொறுப்பாளராக வைத்தார். குரு இல்லாத நாட்களில் ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பிறப்பு இறப்பு பார்ப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கணக்கப்பிள்ளை என்று பெயர். இவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆண்டுக்கு 4,000 பணம் தேவைப்பட்டது. முத்துக்குளித்துறையில் இருந்து அந்தத் தொகை போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. சவேரியார் ராணியிடமே கேட்டு அதைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிட்டார். ராணிக்குச் செருப்பு வாங்கப் போன முத்துப் பணம், வேம்பாரில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளமானது.

இரண்டு ஆண்டுகள் சுற்றிவிட்டு சவேரியார் கிளம்பிவிட்டார். மலாக்கா, மொலுக்கா என்று கிழக்கே போனார். கரையில் அவர் விட்டுச்சென்றவை மனப்பாட ஜெபங்களும் கணக்கப்பிள்ளைகளும்தான்.

ஹென்றிக்கஸ் எங்கிருந்து வந்தார்?

1520இல் போர்ச்சுகலில் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர். குடும்பம் யூத வம்சாவளி. கட்டாயத்தின் பேரில் கிறிஸ்தவரான யூதர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் அன்றைய போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் புதுக் கிறிஸ்தவர் என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எத்தனை தலைமுறை கோயிலுக்குப் போனாலும் அந்த முத்திரை போகாது. ஹென்றிக்கஸ் முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். வம்சாவளி காரணமாக வெளியே வர வேண்டியதாயிற்று.

கொயிம்பராவில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545இல் அங்கேயே இயேசு சபையில் சேர்ந்தார். அந்தச் சபை தொடங்கி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. நிறுவனர் இஞ்ஞாசியார் வம்சாவளி பார்த்து ஆளைத் தள்ளுகிறவர் இல்லை. அடுத்த ஆண்டே கப்பலேறி கோவா. 1547இல் முத்துக்குளித்துறை. அப்போது வயது 27.

அதாவது, பிறப்பைக் காரணம் காட்டிச் சொந்த நாட்டில் ஒரு சபை வெளியே அனுப்பிய இளைஞர், புதுக் கிறிஸ்தவர்கள் வாழும் ஒரு கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். இந்தப் பொருத்தத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். ஆனால் இந்த மக்கள் அறைகுறைக் கிறிஸ்தவர்கள் என்று மற்ற ஐரோப்பியர்கள் சலித்துக்கொண்டபோதெல்லாம் அவர் மக்கள் பக்கமே நின்றார் என்பது அவருடைய வாழ்க்கையிலிருந்து தெரிகிறது.

சவேரியார் அவரிடம் என்ன சொன்னார்?

வந்த புதுசில் ஹென்றிக்கஸுக்குத் தமிழ் பிடிபடவே இல்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பிரசங்கம். அவர் ஒன்று சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வேறொன்றைச் சொல்லிவிடுவார். பாவசங்கீர்த்தனம் அதைவிடச் சங்கடம். ஒருவர் தன் பாவத்தைக் குருவின் காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டும். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர், அதுவும் அதே ஊர்க்காரர், உட்கார்ந்திருந்தால் யார் மனம் திறந்து பேசுவார்?

1548 தொடக்கத்தில் சவேரியார் கிழக்கில் இருந்து திரும்பினார். பிப்ரவரியில் மணப்பாட்டில் கரையில் பணியாற்றிய குருக்களைக் கூட்டினார். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுத்திலேயே கொடுத்தார். அந்த அறிவுரையின் சாரம் ஒன்றுதான்: மக்கள் உங்களை நேசிக்கும்படி வாழுங்கள்; பயப்படும்படி அல்ல. ஹென்றிக்கஸுக்குத் தனியாக ஒரு வேலையும் கொடுத்தார். தமிழைக் கற்க வேண்டும். அடுத்து வருகிறவர்கள் எளிதாகக் கற்கும்படி ஒரு இலக்கணமும் எழுத வேண்டும்.

தான் செய்ய முடியாமல் போனதைத் தன் சீடனிடம் கேட்கிறார் குரு. சவேரியாரின் தமிழ் மனப்பாடத் தமிழ்தான். அது போதாது என்று மற்றவர்களைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

ஹென்றிக்கஸ் உட்கார்ந்துவிட்டார். சில மாதங்கள் வேறு நினைப்பே இல்லாமல் தமிழ். அவருக்குத் தெரிந்த இலக்கணம் லத்தீன். அதில் பெயர்ச்சொல்லை வேற்றுமைப்படி அடுக்குவது போல, வினைச்சொல்லைக் காலம், இடம் வாரியாக அடுக்குவது போல, தமிழையும் அடுக்கிப் பார்த்தார். வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஒவ்வொன்றாக ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பிடி கிடைத்துவிட்டது. 1548 அக்டோபர் கடைசியில் வேம்பாரில் இருந்து ரோமில் இருந்த இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முயற்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

தமிழ் பிடிபட்டதும் அவர் கண்ணில் பட்டது ஒரு தர்மசங்கடமான விஷயம். குருவின் மொழிபெயர்ப்பில் தவறுகள் இருந்தன.

சீடர் திருத்தினார். குரு கோபித்துக்கொள்ளவில்லை. 1549 ஜனவரியில் சவேரியார் கொச்சியில் இருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதியபோது, ஹென்றிக்கஸ் தமிழில் பேசவும் எழுதவும் செய்கிறார், ஒற்றை ஆளாக இரண்டு பேர் வேலை பார்க்கிறார், மக்கள் அவர்மீது உயிராக இருக்கிறார்கள் என்று பாராட்டித்தான் எழுதினார். அந்த ஆண்டே சவேரியார் ஜப்பானுக்குக் கப்பலேறினார். 1552 டிசம்பரில் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்தார்.

29 வயதில் தலைமை

1549இல் இன்னொரு அடி. கரையின் தலைவராக சவேரியார் வைத்திருந்த இத்தாலியத் துறவி அந்தோனியோ கிரிமினாலி, வேதாளையில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். விஜயநகரப் படைகளுக்கும் போர்ச்சுகீசியருக்கும் இருந்த பகையில், தன் மக்களை விட்டு ஓட மறுத்து நின்றவர் அவர். மீதி இருந்த குருக்கள் கூடித் தங்கள் தலைவராக ஹென்றிக்கஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு அப்போது 29 வயது. 1576 வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அந்தப் பொறுப்பு அவர் தோளில்தான்.

தலைவரானதும் அவர் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று ரொம்பப் பிரபலம். கரையில் இருக்கும் ஐரோப்பியக் குருக்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும். மறந்துபோய் போர்ச்சுகீசியத்தில் வாய் திறந்தால் அதற்கு ஒரு சிறு தண்டனை. இன்று பல பள்ளிகளில் தமிழ் பேசினால் அபராதம் என்ற கதையைக் கேட்டவர்களுக்கு, 1550 வாக்கில் புன்னைக்காயலில் தமிழ் பேசாவிட்டால் தண்டனை என்பது வேடிக்கையாக இருக்கும்.

அவர் எழுதிய தமிழ் இலக்கணம் கைப்பிரதியாகவே தங்கிவிட்டது. லிஸ்பனில் உள்ள போர்ச்சுகல் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நன்னூல், தொல்காப்பியம் வழியில் வந்த நூல் அல்ல அது. கரையில் மீனவர்களும் முத்துக்குளிப்பவர்களும் பேசிய தமிழைக் காதால் கேட்டு எழுதியது. அதனாலேயே இப்போது அதற்கு மதிப்பு கூடியிருக்கிறது. 450 ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சுத் தமிழ் எப்படி இருந்தது என்பதற்கு இலக்கியங்களில் சான்று கிடைப்பது அரிது. புலவர்கள் அதை எழுதி வைக்கவில்லை.

கோட்டைக்கும் கோயிலுக்கும் நடுவில்

அவருடைய காலம் சுகமான காலம் அல்ல. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டது. உள்நாட்டில் மதுரை நாயக்கர் ஆட்சி வலுப்பெற்றது. கடலில் போர்ச்சுகீசியர், கரையில் நாயக்கர், இரண்டு பக்கமும் வரி. நடுவில் பரதவர்கள்.

1560இல் போர்ச்சுகீசிய ராஜப்பிரதிநிதி மன்னாரில் கோட்டை கட்டினார். முத்துக்குளித்துறை மக்களை அங்கே குடியேறச் சொன்னார்கள். கரையில் தொல்லை தாங்காமல் பெருங்கூட்டம் கடல் தாண்டிப் போனது. ஹென்றிக்கஸும் கூடப் போனார். அந்தக் குடியேற்றம் நிலைக்கவில்லை. நோயும் பஞ்சமும் வந்தன. சில ஆண்டுகளில் பலர் பழைய ஊர்களுக்கே திரும்பினார்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி வரும். அவர் போர்ச்சுகீசிய அரசின் ஆள்தானே? ஆமாம். அந்தக் கப்பல் இல்லாமல் அவர் இங்கே வந்திருக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இந்தப் பணி நடந்திருக்காது. முத்தில் அரசுக்குப் பங்கு போன அதே துறைகளில்தான் அவர் கோயிலும் நடத்தினார். இதைக் கழித்துவிட்டு அவரைப் பார்க்க முடியாது. ஆனால் கோட்டை இடிந்துபோன பிறகும் நிற்கிற மாதிரி எதையாவது விட்டுச்செல்ல வேண்டும் என்று நினைத்த ஆள் அந்தக் கூட்டத்தில் அவர்தான். புன்னைக்காயலில் மருத்துவமனை நடந்தது. குருக்களுக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளியும் அங்கே நடந்தது. தமிழுக்கென்று உயர்கல்வி நிலையம் ஒன்று வேண்டும் என்ற எண்ணமும் அவரிடம் இருந்தது.

உள்ளூர் ஆட்களைக் குருக்களாக உயர்த்துவதில் அவருடைய சபை அவர் அளவுக்கு வரவில்லை. கொல்லத்தைச் சேர்ந்த பிராமணர் ஒருவர் பெத்ரோ லூயிஸ் என்ற பெயரில் கிறிஸ்தவராகி, 1561இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1575இல் குருவானார். இயேசு சபையின் முதல் இந்தியக் குரு அவரே. முத்துக்குளித்துறையில் ஹென்றிக்கஸோடு பணியாற்றினார். அவருக்குப் பிறகு இந்தியர்களுக்கு அந்தக் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை.

அச்சில் ஏறிய தமிழ்

சொல்லிக்கொடுப்பதற்கு ஆள் போதவில்லை. கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஓலையைப் பார்த்து ஓலை எழுதும்போது பிழை கூடிக்கொண்டே போகும். ஊருக்கு ஊர் ஜெபம் மாறும். இதற்கு ஒரே வழி அச்சு.

இதற்கு முன்பே 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு புத்தகம் அச்சாகியிருந்தது. அங்கே இருந்த தமிழர்கள் மூன்று பேர் சேர்ந்து உருவாக்கியது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருந்தன. 1556இல் கோவாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்க்க இன்னும் 20 ஆண்டு ஆனது. 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் என்ற சபைச் சகோதரர் முதல் தமிழ் அச்செழுத்துகளை உருவாக்கினார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜோவான் தெ ஃபாரியா இன்னொரு தொகுதி வார்த்தார்.

செலவுக்குப் பணம்? போர்ச்சுகல் அரசர் கொடுக்கவில்லை. பரதவர்கள் வசூல் செய்து 400 குருசாதோ கொடுத்தார்கள். குருசாதோ அன்றைய போர்ச்சுகீசியப் பொன் நாணயம். கடலுக்கு அடியில் மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர்களின் பணத்தில்தான் தமிழ் முதன்முதலில் அச்சேறியது. அச்சு வரலாற்றுப் புத்தகங்களில் இந்த வரியை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடலாம்.

1578 அக்டோபர் 20ஆம் தேதி கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகி வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம். ரஷ்யாவின் மாஸ்கோவில் தேதியிட்ட முதல் புத்தகம் அச்சானது 1564இல். அதற்கு 14 ஆண்டுகள் கழித்து தமிழ். புத்தகத்தில் இருப்பது எளிய ஜெபங்களும் மறைக்கல்வியும். சவேரியார் மணி அடித்துச் சொல்லிக்கொடுத்த அதே பாடத்தின் திருத்திய வடிவம் என்றே சொல்லலாம். குரு தெருவில் தொடங்கியதைச் சீடர் 36 ஆண்டு கழித்துக் காகிதத்தில் கொண்டுவந்தார்.

மொழிபெயர்ப்பில் ஹென்றிக்கஸோடு மனுவேல் தெ சான் பெத்ரோ என்ற குருவும் துணை நின்றார். அவர்களுக்குச் சொல் எடுத்துக்கொடுத்த ஊர்க்காரர்களின் பெயர்கள் புத்தகத்தில் இல்லை. சரியான சொல்லைத் தேர்ந்து வைக்க, அந்தச் சொல்லின் எடை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. போர்ச்சுகீசியத்தில் கடவுளுக்கு உள்ள சொல்லை அப்படியே தமிழில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மற்ற பல சொற்களில் அவர் அப்படித்தான் செய்தார். பாதிரியார், குருசு எல்லாம் போர்ச்சுகீசியத்தில் இருந்து வந்து கரைத் தமிழில் தங்கியவை. ஆனால் கடவுளுக்கு மட்டும் சைவ மடங்களில் வழங்கிய தம்பிரான் என்ற சொல்லை எடுத்தார். பின்னால் வந்தவர்கள் சர்வேசுரன் என்றார்கள், தேவன் என்றார்கள். தேடல் தொடங்கியது இவரிடம்.

எழுத்துகளைப் பார்த்தால் இன்றைய வாசகர் திணறுவார். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலைச்சுவடியில் எப்படி எழுதினார்களோ அப்படியே.

அடுத்தடுத்து மூன்று நூல்கள் வந்தன. 1579 நவம்பரில் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம், 120 பக்கம். 1580இல் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று விளக்கும் கையேடு. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துப் பாவம் கேட்ட சங்கடத்தில் தொடங்கியவர், 33 ஆண்டு கழித்து அதற்கே ஒரு புத்தகம் போட்டார். 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நூல், ஃபிளோஸ் சாங்தோரும். தமிழில் அடியார் வரலாறு என்பார்கள். 600 பக்கத்துக்கு மேல். இது புன்னைக்காயலில் அச்சானது என்பது பரவலான கருத்து. கொச்சி என்பவர்களும் உண்டு. புன்னைக்காயல்காரர்கள் இரண்டாவது கருத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கடைசிக் காலம்

1593இல் ஹென்றிக்கஸுக்கு வயது 73. அந்த ஆண்டு ரோமில் கூடிய இயேசு சபையின் பொதுப் பேரவை ஒரு தீர்மானம் போட்டது: யூத வம்சாவளியில் வந்தவர்களை இனிமேல் சபையில் சேர்ப்பதில்லை. இஞ்ஞாசியார் திறந்து வைத்த கதவை, அவருக்குப் பின் வந்தவர்கள் மூடினார்கள். 48 ஆண்டுகளாகச் சபையில் இருந்த, கீழை நாடுகளில் அதன் பெயரை நிலைநாட்டியவர்களில் ஒருவரான இந்தக் கிழவர், அந்த விதி முன்பே இருந்திருந்தால் இங்கே வந்தே இருக்க மாட்டார். தம்பிரான் வணக்கமும் இல்லை.

1600 பிப்ரவரியில் புன்னைக்காயலில் இறந்தார். அவர் இறந்த அன்று அக்கம்பக்கத்து முஸ்லிம்கள் நோன்பு இருந்ததாகவும், இந்துக்கள் கடைகளை அடைத்ததாகவும் இயேசு சபைக் குறிப்புகள் சொல்கின்றன. முத்துக்காக மூன்று தலைமுறை மோதிக்கொண்ட கரை அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பனிமய மாதா பேராலயத்தோடு சேர்த்தே அந்த அடக்கத்தை இன்றும் சொல்கிறார்கள்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

உண்மையான சோதனை 1658இல் வந்தது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், கோயில்கள் கைமாறின. டச்சுப் போதகர் பால்தேயுஸ் தூத்துக்குடிக்கே வந்து பரதவர்களைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார். கணக்குப்படி பார்த்தால் அது நடந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காக மதம் மாறியவர்கள்தானே? பாதுகாப்புக் கொடுத்தவர் போய்விட்டார். புதிய எஜமானர் வந்துவிட்டார். முத்தும் கடலும் இப்போது அவர் கையில்.

பரதவர்கள் மாறவில்லை. குரு இல்லாவிட்டால் கணக்கப்பிள்ளை இருந்தார். கோயில் இல்லாவிட்டால் வீட்டில் ஜெபம் இருந்தது, அதுவும் சொந்தத் தமிழில். 1536இல் ஒப்பந்தமாக இருந்தது, நூறு ஆண்டுக்குள் வேறு ஏதோவாக மாறியிருந்தது. அதற்குச் சாதித்தலைமை, குடும்பக் கட்டுப்பாடு, பனிமய மாதா பக்தி என்று பல காரணம் சொல்லலாம். இரண்டு தலைமுறைக்கு ஒரே ஆள் உடனிருந்து சொல்லிக்கொடுத்ததை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட முடியாது.

மொழிப் பக்கத்திலும் அந்தக் கயிறு அறுபடவில்லை. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்குப் போகும் முன் தமிழ் படிக்க வந்தது இந்தக் கரைக்குத்தான். ஹென்றிக்கஸ் இறந்து அப்போது ஆறே ஆண்டு. நொபிலி பிறகு இந்தக் கரையின் பாதையையே மறுத்து, பரங்கி அடையாளம் வேண்டாம் என்று தனி வழி போனார். மறுப்பதற்கும் முதலில் தமிழ் வேண்டியிருந்தது. அந்த வரிசையில்தான் நூறாண்டு கழித்து வீரமாமுனிவர் வந்தார்.

ஆனால் புத்தகங்கள்? அவை காணாமல் போயின. கரையில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கடற்காற்று, கரையான், சண்டை, டச்சுக்காரர் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. இருபதாம் நூற்றாண்டில் அவற்றைத் தேடிக் கிளம்பியவர்களில் முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக்காரர், தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாகச் சேர்ந்து வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தவர். அவரும் வளர்ந்த பிறகுதான், அந்த ஊரில் ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து, தமிழை முறையாகக் கற்றார். தூத்துக்குடியில் 1948இல் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களை அலசி, லிஸ்பனில் இருந்த 1554ஆம் ஆண்டுப் புத்தகத்தையும் ஹென்றிக்கஸின் நூல்களையும் தமிழ் உலகத்துக்குத் தெரியப்படுத்தினார்.

தம்பிரான் வணக்கத்தின் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1580ஆம் ஆண்டுக் கையேடு ஆக்ஸ்போர்டில். அடியார் வரலாறு வத்திக்கானில். 1960களில் இயேசு சபைத் தமிழறிஞர் ச. இராசமாணிக்கம் இவற்றைப் படியெடுத்து, புள்ளி வைத்து, இன்றைய வாசகர் படிக்கும்படி பதிப்பித்தார். அவை திரும்ப வெளிவந்த இடம் தூத்துக்குடி.